ஒன்பதாவது கண்

ஐந்தாவது கண்ணுக்குக் கீழே கால் கடுக்க இரண்டு மணி நேரம் நின்றேன். சாம்பேசி ஆற்று மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. தலைக்கு மேலே டோனா அனா பாலம். தூணுக்குத் தூண் ஒரு கண்ணாக நாற்பது இரும்புக் கண், மூன்றரை கிலோமீட்டர் நீளம். இவ்வளவு பெரிய பாலத்தைக் கட்டியவர்கள் எனக்கு ஒரு சாண் நிழல் விடாமல் போய்விட்டார்கள்.

வர வேண்டிய ஆள் நொர்பேர்த்து. தெற்குக் கரையில் இருக்கும் சேனா ஊர்க்காரர். ஒரு காலத்தில் விசாரணை அதிகாரியிடம் எழுத்தராக இருந்தவர், இப்போது மீன் பிடிக்கிறார். ஐந்தாவது கண்ணுக்குக் கீழே தூண்டில் போட்டிருப்பேன், அங்கே வரச்சொல் என்று முந்தின நாள் சொல்லி அனுப்பியிருந்தார். நான் வடகரையில், முத்தாரராவில் தங்கியிருந்தேன். கரையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் ஐந்தாவது கண் எது என்று கேட்டேன். அவள் சாம்பல் விரலால் ஒன்று இரண்டு என்று எண்ணிக் காட்டிவிட்டு, இதுகூடத் தெரியாமல் எங்கிருந்து வந்தாய் என்பதுபோல் பார்த்தாள். அங்கேதான் நின்றேன். நொர்பேர்த்தும் வரவில்லை, அவர் பிடித்த மீனும் வரவில்லை.

கடைசியில் மேலே ஏறி, பாலத்தைக் கடந்து, அவர் வீட்டையே தேடிப் போவதென்று முடிவு செய்தேன். எனக்கு வயது நாற்பத்து மூன்று, வலது முழங்கால் எனக்கு எதிராகக் கட்சி கட்டிப் பல வருடம் ஆகிறது. போரில் உடைந்த பாலத்தை ஒட்டுப்போட்டு, தண்டவாளம் இருந்த இடத்தில் தளம் போட்டு லாரி விடுகிறார்கள். கடைசி ரயில் வந்து பதினெட்டு வருடம். ஒவ்வொரு லாரி வரும்போதும் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டு நின்று, அது போனபின் புழுதியைத் துப்பிவிட்டு நடக்க வேண்டும்.

சேனா முனையை நெருங்கும்போது கீழே எட்டிப் பார்த்தேன். ஒரு கிழவர் வைக்கோல் தொப்பியோடு தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"காலைலேருந்து இங்கதான்யா இருக்கேன்" என்றார், நான் இறங்கிப் போனதும். "அஞ்சாவது கண்ணுன்னு தெளிவா சொல்லியனுப்புனேன். ஒனக்கு எண்ணத் தெரியாதா?"

"தெரியும் பெரியவரே. பத்து விரல் இருக்கு. ரெண்டு மணி நேரமா அதத்தான் எண்ணிக்கிட்டு நின்னேன்."

அவர் சிரிக்கவில்லை. தூண்டில் குச்சியைத் தூக்கி, சேனாக் கரையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் காட்டினார். ஐந்து சரியாக அவர் தலைக்கு மேல் இருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது, புத்தி வரவில்லை. மணலில் உட்கார்ந்து வந்த வேலையைப் பார்த்தேன்.

வேலை இதுதான். முத்தாரராவில் சக்கரியாஸ் என்று ஒரு மனிதர் நெஞ்சுச்சளியில் இழுத்துக்கொண்டு கிடக்கிறார். இந்த வாரம் தாண்டாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். போர்க்காலத்தில் அவர் பாலத்துக் காவல்காரர். வடபாதிக்கு அவரும் சிமாவ் என்பவரும் காவல், தென்பாதிக்குச் சேனாக்காரர்கள். ஒரு நாள் விடியற்காலையில் அரசை எதிர்த்த துப்பாக்கிக்காரர்கள் வெடி வைத்ததில் பாலத்தின் ஒரு கண் ஆற்றில் விழுந்தது. சிமாவ் அதோடு செத்தார். சக்கரியாஸ் கரைக்கு ஓடி வந்ததை ஊரே பார்த்தது. எங்கே இருந்தாய் என்று போலீஸ் கேட்டபோது ஒன்பதாவது கண்ணில் காவலுக்கு நின்றேன் என்றார். விழுந்ததே ஒன்பதாவது கண்தான் என்றது சேனாவில் நடந்த விசாரணை; இது நொர்பேர்த்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே நின்றவன் உயிரோடு எப்படி வருவான்? பொய் சொல்கிறான், முன்னாலேயே தெரிந்து ஓடியிருக்கிறான், துப்பாக்கிக்காரர்களின் ஆள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான்கு வருடம் ஜெயில். திரும்பி வந்தபின் அவர் வீட்டில் ஒருவரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. செத்தால் ஊர் இடுகாட்டு வேலிக்குள் இடம் கிடையாது என்று ஊர்த்தலைவர் கம்பீரா சொல்லிவிட்டார். கம்பீரா வேறு யாருமில்லை, செத்துப்போன சிமாவின் அண்ணன்.

சக்கரியாஸின் மகள் அமேலியா எங்கள் ஊரான காய்யாவுக்கு வந்து என் முதலாளி எர்மெலிந்தா அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். என் அப்பாவை நாய் மாதிரி வெளியே புதைக்கக் கூடாது, அவ்வளவுதான் கேட்கிறேன் என்றாள். அம்மா துப்பறிகிறார், நான் நடக்கிறேன். பதினோரு வருடமாக எங்களுக்குள் இதுதான் வேலைப் பிரிவினை.

நொர்பேர்த்துவுக்கு எல்லாம் நினைவிருந்தது. சக்கரியாஸின் வாக்குமூலத்தை முத்தாரரா லாக்கப்பிலேயே எழுதி வாங்கி, தாளை மட்டும் சேனாவுக்கு அனுப்பியிருந்தார்கள். சேனாவில் ஒரு அறையில் விசாரணை. அறையில் மூன்று பேர்தான்: அதிகாரி, இவர், செத்தவனின் குடும்பம் என்ற முறையில் கம்பீரா. அதிகாரி இவரைப் போலவே சேனாவில் பிறந்து வளர்ந்தவர், போன வருடம் காலமாகிவிட்டார். தாளை இவர்தான் உரக்கப் படித்தாராம், மூன்று முறை.

தப்பாகப் படிக்கவில்லையே என்று கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒம்பதுன்னு எழுதியிருந்துச்சு, ஒம்பதுன்னு படிச்சேன். ஒம்பதாவது கண்ணு விழுந்து கெடந்தத என் வீட்டு வாசல்லேருந்தே பாத்தேன். கம்பீரா எதுக்க உக்காந்துதான் இருந்தாரு. அவரே ஒண்ணும் சொல்லலயே."

ஓடிப்போனவனுக்குப் பதிலாகச் சிமாவ் ஒற்றை ஆளாகத் துப்பாக்கிக்காரர்களைத் துரத்திக்கொண்டு போய் உயிரை விட்டான் என்று கம்பீராதான் அறையில் எடுத்துச் சொன்னாராம். அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டதாம். அந்தக் கதையைத்தான் பிறகு கல்லில் வெட்டி முத்தாரரா முனையில் நட்டார்கள். விடைபெறும்போது கிழவர் எனக்கு ஒரு மீனைக் கொடுத்தார், என் முகம் அந்த லட்சணத்தில் இருந்திருக்க வேண்டும். மறுபடி மூன்றரை கிலோமீட்டர்.

அமேலியா வீட்டு முற்றத்தில், இலந்தை மரத்தடியில், எர்மெலிந்தா அம்மா வீங்கின கால்களை ஒரு பேசின் தண்ணீரில் போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்தோரு வயது, கனத்த உடம்பு, நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கல். மூன்று நாளாக எங்கள் கையில் ஒரு துப்பும் இல்லை. ஊரில் எவரைக் கேட்டாலும், அந்த ஆள் எங்கே நின்றான் என்பதில் பொய் சொன்னானாம், சேனாவில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்பதோடு சரி. என்ன பொய் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உள்ளே சக்கரியாஸ் இருமுவது மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவரிடம் போய்க் கேட்டாலோ, ஒன்பதாவது கண் என்பார், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். சலித்துப்போய்விட்டது அவருக்கு. எனக்கும்தான்.

மீனை அமேலியாவிடம் கொடுத்துவிட்டு, நான் கரித்துக்கொட்ட ஆரம்பித்தேன். ஐந்தாவது கண் என்று சொல்லிவிட்டு அந்தக் கிழவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது, இந்தப் பக்கத்துப் பெண் இங்கே கைகாட்டியது, நடுவில் மாட்டிய முழங்கால் என்னுடையது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா சிரித்தார். முத்தாரரா வந்தபின் முதல் சிரிப்பு. பாதியில் அது நின்றுவிட்டது.

"அமேலியா" என்று கூப்பிட்டார். "உங்க ஊர்ல பாலத்துக் கண்ண எங்கேருந்து எண்ணுவீங்க?"

"இங்கேருந்துதான்" என்றாள் அமேலியா, இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற குரலில். "எங்க தாத்தா காலத்துல ரெண்டு கரையிலேருந்தும் தூண் எறக்கிக்கிட்டே வந்து நடுவுல சேத்தாங்களாம். எங்காளுங்க எறக்குனதுல எங்களுக்கு இதான் ஒண்ணாவது."

"சேனாக்காரங்களுக்கு?"

"அவங்களுக்கு என்னவோ, யாரு கேட்டா."

அம்மா பேசினிலிருந்து ஒரு காலை எடுத்து வெளியே வைத்தார். என்னைப் பார்த்து, நாற்பதில் ஒன்பதாவது கண்ணை மறுமுனையிலிருந்து எண்ணினால் எத்தனையாவது என்று கேட்டார். விரல் போதவில்லை. மணலில் கோடு போட்டுப் பார்த்து முப்பத்திரண்டு என்றேன்.

சேனாக்காரர்களின் ஒன்பது நமக்கு முப்பத்திரண்டு. நம் ஒன்பது இந்தக் கரைக்குப் பக்கத்தில், சக்கரியாஸ் காவல் காக்க வேண்டிய வடபாதியில், இன்றைக்கும் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. அந்த மனிதர் சொன்னது முழு உண்மை. அவர் அவருடைய இடத்தில்தான் நின்றிருக்கிறார். வெடி வெடித்தது அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி. பயந்துபோய் ஊரை எழுப்ப ஓடி வந்திருக்கிறார். தாளில் ஏறிய ஒன்பது பாலத்தைத் தாண்டும்போது வேறு ஒன்பதாகிவிட்டது; அது அவர் காவல் பாதியிலேயே இல்லை என்பது பொய்க்கு இன்னொரு சாட்சியாகிவிட்டது.

அமேலியா மீனைக் கீழே போட்டுவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இப்போதே கம்பீராவிடம் போய்ச் சொல்லுவோம் என்றாள்.

எனக்கும் உற்சாகமாக இருந்தது. அம்மா முகத்தில் மட்டும் அதைக் காணவில்லை. துண்டால் காலை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரூம்ல யார் யார் இருந்தாங்கன்னு சொன்ன?" என்றார்.

நான் மறுபடி சொன்னேன். அதிகாரி, எழுத்தர், கம்பீரா.

"ம்" என்றார் அம்மா. "செருப்ப எடு. எனக்கு இந்த வேலயே பிடிக்கலடா சில நாள்."

கம்பீராவின் வீடு கரை மேட்டில் இருந்தது. முற்றத்தில் உட்கார்ந்தால் பாலம் முழுக்கத் தெரியும். எழுபது வயது மனிதர், நல்ல மரியாதைக்காரர். எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார், மக்காச்சோளக் களியும் கருவாடும் வரும் என்றார். வந்த விஷயம் தெரிந்தும் குரலை உயர்த்தவில்லை. என் தம்பி கிடக்கிற வேலிக்குள் அவனைக் காட்டிக்கொடுத்தவனுக்கு இடமில்லை, வேறு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார்.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். வேறொன்றும் வேண்டாம், எனக்குப் பார்வை மங்கல், அந்த ஒன்பதாவது கண் எது என்று மட்டும் காட்டுங்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போகக் கூடாது என்றார்.

கம்பீரா யோசிக்கவே இல்லை. கைத்தடியைத் தூக்கினார். முனையிலிருந்து ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் எண்ணினார். "அதோ, அந்தத் திட்டுல புல்லு மொளச்சிருக்கு பாருங்க, அதுக்கு நேர் மேல" என்றார்.

முத்தாரரா முனையிலிருந்துதான் எண்ணியிருந்தார். தடி இன்னும் நீட்டினபடி இருந்தது.

"அது விழவே இல்லியே தலைவரே" என்றார் அம்மா.

தடி மெல்ல இறங்கியது.

அம்மா அவசரமே இல்லாமல் பேசினார், களைத்த குரலில். அதிகாரி சேனாக்காரர், எழுத்தரும் சேனாக்காரர். அவர்கள் காதில் ஒன்பது என்று விழுந்தால் அவர்கள் பக்கத்து ஒன்பதுதான். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தாள் இந்த ஊருக்குள் வரவே இல்லை, அதனால் ஊராரையும் குற்றம் சொல்ல முடியாது.

"ஆனா அந்த ரூம்ல ஒரு முத்தாரராக்காரர் இருந்தாரு. மூணு தடவ படிச்சதக் கேட்டாரு. அவருக்கு அந்தத் தப்பு வந்திருக்கவே முடியாது. இப்பகூட வரல, பாருங்க."

கம்பீரா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் அம்மா. "ஒங்க தம்பி செத்தது சேனாப் பாதியில. முத்தாரராக் காவல்காரன் நடுவத் தாண்டக் கூடாது. தொரத்திக்கிட்டுப் போனான்னு கல்லுல வெட்டுனீங்க, அத பாத்தவங்க யாருமில்ல. அவன் ஏன் அங்க போனான்னு பதினெட்டு வருஷமா நீங்க ஒருத்தர்கிட்டயும் கேக்கல. கூடப்பொறந்தவர் கேக்கலன்னா, அவருக்கு ஏற்கெனவே தெரியும்னு அர்த்தம். எதுக்கு அனுப்புனீங்க?"

கம்பீரா தடியைத் தரையில் வைத்தார். களியும் கருவாடும் கொண்டுவந்த மருமகளைக் கையசைத்துத் திருப்பி அனுப்பினார்.

"உப்புக்கு" என்றார்.

ஆறு மாதமாக ஊரில் ஒரு கல் உப்பு இல்லையாம். சேனாவரைக்கும் லாரியில் உப்பு வந்தது, பாலத்தைத் தாண்டி எதையும் விடவில்லை. விடியுமுன் போய் ஒரு பை வாங்கி வந்துவிடு என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். நடுவைத் தாண்டக் கூடாதண்ணே என்றிருக்கிறான் சிமாவ். அண்ணன் சொன்னால் செய்யமாட்டாயா என்று இவர் அதட்டியிருக்கிறார். போனவன் திரும்பி வரும் வழியிலா, போகிற வழியிலா என்று தெரியாது, வெடியில் சிக்கிக்கொண்டான்.

"ஒம்பதுன்னு படிச்ச ஒடனே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நான் வாயத் தொறந்தா சக்கரியாஸ் வெளிய வந்துருவான். அடுத்த கேள்வி, அப்ப சிமாவ் அங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தான்னு வரும். உப்பு வாங்கப் போனான்னு சொன்னா அந்தக் காலத்துல எவன் நம்புவான்? அவன் மூணு புள்ளைங்களும் துரோகி புள்ளைங்களா ஆயிருக்கும். ரெண்டுல ஒரு குடும்பம் போயாகணும்னு வந்துருச்சு. என் குடும்பம் வேணாம்னு நெனச்சேன்."

நான் அவரை ஒரு வில்லனாகப் பார்க்க முயன்றேன். முழங்கால் வலியோடு நடந்ததற்கு அந்தக் கூலியாவது கிடைக்கட்டும் என்று. கிடைக்கவில்லை. எனக்கு எதிரே ஒரு கிழட்டு அண்ணன்தான் உட்கார்ந்திருந்தார்.

"தீர்ப்பு சொல்றது என் வேல இல்ல" என்றார் அம்மா. "அந்த மனுஷன எங்க பொதைக்கறதுன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா நான் ஊருக்குப் போயிருவேன். எனக்கு முடியல."

கம்பீரா எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். எங்களுக்கு முன்னால் நடந்தார்.

தலைவர் சக்கரியாஸ் வீட்டுப் பக்கம் போவதைப் பார்த்து உரலில் குத்திக்கொண்டிருந்தவர்கள் உலக்கையை வைத்துவிட்டு வந்தார்கள். வேலி ஓரம் கூட்டம் சேர்ந்தது. வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, ஒன்பதாவது கண்ணைப் பற்றிச் சொன்னார், அறையில் தான் வாயை மூடிக்கொண்டிருந்ததைச் சொன்னார், உப்பையும் சொன்னார். ஒரு வார்த்தையையும் மழுப்பவில்லை. கூட்டத்தில் சிமாவின் பெண்சாதியும் நின்றிருந்தாள். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். சொல்லி முடித்துவிட்டு, குனிந்து உள்ளே போனார்.

அமேலியா அப்பாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தார். வெளியே சொன்னது அத்தனையும் அவர் காதில் விழுந்திருந்தது. அவர் கத்துவார், காறித் துப்புவார் என்று நான் எதிர்பார்த்தேன். உள்ளுக்குள் ஆசைப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

"உப்புக்கா போனான்?" என்றார் சக்கரியாஸ்.

"உப்புக்குத்தான்."

"எங்கிட்ட சொல்லாம நடுவத் தாண்டிப் போனான். கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. கொஞ்ச நேரத்துல வெடிச்சுது." இருமல் அவரைப் பிடித்து உலுக்கியது. அமேலியா நெஞ்சைத் தடவினாள். "அவன் துப்பாக்கிக்காரங்களோட சேந்துட்டான்னு நெனச்சேன். அவன் அப்படிப் போனத எவங்கிட்டயும் நான் சொல்லல. அவனுக்குப் புள்ளைங்க இருக்கேன்னு. ஆனா பதினெட்டு வருஷமா, தெனமும், ஜெயில்லயும், இங்க படுத்துக்கிட்டும், அவனத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். என் வாழ்க்கையக் கெடுத்தவன்னு. செத்தவன."

பிறகு அழுதார். தனக்காக அழவில்லை என்பது பார்க்கிற எனக்கே தெரிந்தது. அம்மா திரும்பிக்கொண்டு முக்காட்டைச் சரிசெய்தார்.

கம்பீரா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. எடுத்தால் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"அவன எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் சக்கரியாஸ். இத்தனை வருடத்தில் அவரை அந்த வேலிப் பக்கமே விட்டதில்லை.

"புளிய மரத்துக்குக் கீழ."

"பக்கத்துல எடம் இருக்கா?"

"ஒரு ஆளுக்கு இருக்கு" என்றார் கம்பீரா. "எனக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

கம்பீரா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ படுத்துக்க" என்றார். "நான் வேலிக்கு வெளிய பாத்துக்கறேன்."